சித்தப்பாவின் லேப்டாப்பைத் துடைத்த வாரம்

சனி, 4 அக்டோபர் 2025

இன்னும் பத்தே நாள். 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்குப் பாதுகாப்பு அப்டேட் நிற்கிறது. தனியாகப் பதிந்துகொண்டால் இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம்தான், ஆனால் சித்தப்பாவின் லேப்டாப்பில் இருப்பது கடையில் பூட்டை உடைத்துப் போட்டுக் கொடுத்த திருட்டு விண்டோஸ், அதை எந்த முகத்தோடு போய்ப் பதிவது?

சித்தப்பா பருப்புத் தரகர். ரங்கூனின் பயின்னவுங் சந்தையில் உளுந்தும் துவரையும் பேசி முடித்துக் கொடுப்பவர், சாயங்காலம் ஆனால் கோவில் கமிட்டி வேலை. இரண்டுக்கும் ஒரே லேப்டாப். 2022இல் சுலே பக்கம் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. இன்டெல் பதினோராம் தலைமுறை, 8 ஜிபி ராம், விண்டோஸ் 11க்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு எல்லாம் இருக்கிறது. மெஷினில் குறை இல்லை, உள்ளே போட்டதில்தான் குறை. ஆன் செய்தால் டீக்கடைக்குப் போய் ஒரு லபெயே குடித்துவிட்டு வரலாம். பிரவுசரைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம். அப்டேட் வரவே வராதபடி கடைக்காரர் பூட்டியும் வைத்திருக்கிறார்.

அப்படியே மேலே 11ஐ ஏற்றலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வேண்டாம். எதை எங்கே செருகி வைத்திருக்கிறார்கள் என்று தெரியாத வீட்டுக்குப் புது பெயின்ட் அடித்து என்ன ஆகப்போகிறது, மொத்தமாக இடித்துவிட்டே கட்டலாம்.

இன்று முழுக்க பேக்கப். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், படங்கள், சி டிரைவின் தலையிலேயே "கணக்கு" என்று அவர் திறந்து வைத்திருந்த ஃபோல்டர் (அதை டாக்குமென்ட்ஸில் தேடிக்கொண்டிருந்தால் போயிருக்கும்), பிரவுசர் பாஸ்வேர்டுகள். கடைசியில் ஞாபகம் வந்து, விண்டோஸுக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் அப்படியே எடுத்து வைத்தேன். இதையெல்லாம் யார் யோசிப்பார்கள் என்று என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டேன். எழுதி வைக்கிறேன், பின்னால் சிரிக்க உதவும்.

ஞாயிறு, 5 அக்டோபர்

விண்டோஸ் 11 முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைல் ஐந்து ஜிபிக்கும் மேல். எங்கள் தெருவுக்குக் கரண்ட் நாலு மணி நேரம் வரும், நாலு மணி நேரம் போகும், அதுவும் சொன்ன நேரத்துக்கு என்று நம்பக்கூடாது. என் லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, ரவுட்டருக்கு இல்லை. நேற்று ராத்திரி முக்கால்வாசி இறங்கிய நேரத்தில் போய்விட்டது. இன்று மதியம் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று பார்த்தால் மைக்ரோசாஃப்ட் கொடுக்கும் டவுன்லோட் லிங்க் 24 மணி நேரத்துக்குத்தான் உயிரோடு இருக்குமாம், நேற்றுக் காலை எடுத்தது செத்துப்போயிருந்தது. முதலிலிருந்து.

இந்தத் தடவை மோட்டார்சைக்கிள் பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து ரவுட்டரை அதில் மாட்டினேன். 12 வோல்ட் ரவுட்டர், 12 வோல்ட் பேட்டரி, நடுவில் ஒரு வயர், அவ்வளவுதான். ரங்கூனில் பாதி வீட்டில் எலக்ட்ரிஷியன் வேலை தெரிந்துபோனது இப்படித்தான்.

இறங்கியதும் ஹாஷ், அதாவது ஃபைலின் கைரேகை போன்ற எண்ணைச் சரிபார்த்தேன், மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் இருக்கும் எண்ணும் என் ஃபைலின் எண்ணும் ஒன்றுதான். அறுந்து அறுந்து இறங்கும் ஊரில் இதைச் செய்யாமல் பென்டிரைவில் எழுதுவது, பாதி இன்ஸ்டாலில் நின்று தலையில் கை வைப்பதற்கு முன்பதிவு செய்வது போல. அப்புறம் ரூஃபஸ் என்ற புரோகிராம் வைத்து பென்டிரைவில் எழுதினேன். கையால் இழுத்துப் போட முடியாது, உள்ளே இருக்கும் பெரிய ஃபைல் ஒன்றே 4 ஜிபியைத் தாண்டுகிறது, ஃபேட்32 பென்டிரைவ் அதை ஏற்காது.

திங்கள், 6 அக்டோபர்

தடின்ஜுட் பௌர்ணமி. தெரு முழுக்க மெழுகுவர்த்தி. வேலை எதுவும் இல்லை. எட்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் மாடிக்கு மாடி "மீ லா ப்யீ" (கரண்ட் வந்தாச்சு) என்று பிள்ளைகள் கத்தினார்கள், விளக்குத் திருநாள் அன்று அதைக் கேட்க வேடிக்கையாக இருந்தது.

செவ்வாய், 7 அக்டோபர்

செய்துவிட்டேன். வரிசையாக எழுதுகிறேன், அடுத்த தடவை எனக்கே வேண்டும்.

பேட்டரியை முழுக்க ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பென்டிரைவிலிருந்து பூட் ஆனது, மொழி கேட்டது, "எங்கே போடட்டும்" என்ற திரை வந்தது, அங்கே ஒன்றுமே இல்லை. டிஸ்க்கே கிடையாது என்கிறது. நெஞ்சு ஒரு நொடி நின்றது. பதினோராம் தலைமுறை இன்டெல் மெஷின்களில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற ஒன்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, அதற்கான டிரைவர் என்ற சின்னப் புரோகிராமை நாமே ஊட்டினால்தான் இன்ஸ்டாலருக்குக் கண் தெரியும். கம்பெனி தளத்திலிருந்து அதை இறக்கி, பிரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போட்டு, "லோட் டிரைவர்" கொடுத்ததும் டிஸ்க் எழுந்து வந்தது. டிஸ்க் செத்துவிட்டது என்று புதிதாக வாங்கியவர்கள் எத்தனை பேரோ.

அப்புறம் பார்ட்டிஷன்கள், அதாவது டிஸ்க்கின் பிரிவுகள். ஐந்து இருந்தன, ஒவ்வொன்றாக அழித்தேன். மூன்றாவதை அழிக்கும்போது சித்தப்பா பின்னால் வந்து நின்றுகொண்டு "என்னடா, எல்லாம் போயிட்டே இருக்கு?" என்றார். போகத்தான் வேண்டும் சித்தப்பா. எல்லாம் அழிந்து ஒரே வெற்றிடமாக ஆனபின் அதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட். தேவையான பிரிவுகளை அதுவே போட்டுக்கொள்ளும்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் திரையில் வைஃபை இல்லை, அதற்கும் டிரைவர் இல்லையாம், இன்டர்நெட் இல்லாமல் மேலே போகவும் விடமாட்டேன் என்கிறது. போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, போனின் இன்டர்நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் டெதரிங் போட்டேன், உடனே பிடித்துக்கொண்டது. சித்தப்பா பேரில் ஒரு மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் திறந்தேன். அப்படி உள்ளே போனால் டிஸ்க்கைத் தானாகவே என்கிரிப்ட் செய்து பூட்டிவிடுகிறது, திரும்பத் திறக்க 48 இலக்க சாவி ஒன்று. அது அக்கவுன்டிலேயே இருக்கும் என்றாலும், அந்தப் பாஸ்வேர்டை அவர் மறப்பது நிச்சயம் என்பதால், அவருடைய பற்றுவரவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

வேடிக்கை இது: ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போனால் ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருக்கிறது. லேப்டாப்பைச் செய்த கம்பெனி மதர்போர்டிலேயே அசல் விண்டோஸ் ஹோம் சாவியை வைத்துத்தான் அனுப்பியிருக்கிறது. கடைக்காரர் அதன் மேல் உடைத்த விண்டோஸ் புரோவைப் போட்டு, அதற்குத் தனிக் காசும் வாங்கியிருக்கிறார். மூன்று வருடமாகச் சொந்த வீட்டில் வாடகை கொடுத்திருக்கிறார் சித்தப்பா.

புதன், 8 அக்டோபர்

பத்து வினாடியில் ஆன் ஆகிறது. சித்தப்பா அதை ஆன் செய்து ஆஃப் செய்து சித்திக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

சனி, 11 அக்டோபர்

வினை இன்று வந்தது.

காலையில் போன். "பில்லுல எழுத்து ஒரு மாதிரி இருக்குடா." போய்ப் பார்த்தால் பர்மியப் பில், எல்லாம் பர்மிய எழுத்துதான், ஆனால் வார்த்தை இல்லை. ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் அடித்த பில். 2019 அக்டோபர் 1 முதல் நாடே யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்து முறைக்கு மாறியது என்று பெயர், சித்தப்பாவின் எக்செல் மாறவில்லை. ஸோஜி எழுத்துரு இல்லாததால் விண்டோஸ் தன்னிடம் இருக்கும் மியான்மர் டெக்ஸ்ட் என்ற யூனிகோடு எழுத்துருவை வைத்துக் காட்டுகிறது, இரண்டும் அதே எண்களை வேறு வேறு விதமாகப் புரிந்துகொள்கின்றன, அதனால் கால் இருக்கும் இடத்தில் தலை. தூரத்திலிருந்து பார்த்தால் சரியாக இருப்பது போலவே இருக்கும், அதுதான் ஆபத்து. நேற்று ஒரு பில் அப்படியே பிரின்ட் ஆகிப் போயும் விட்டதாம்.

அடுத்து கோவில் தீபாவளி நோட்டீஸ். 20ஆம் தேதி தீபாவளி, நாளைக்கு அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினியில் அடித்தது. பாமினி தெரியாதவர்களுக்கு: அது யூனிகோடு இல்லை, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்ட எழுத்துரு. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று அடித்தால் "அம்மா" என்று தெரியும். வேஷத்தைக் கலைத்தால் எம்மும் கேயும்தான் மிச்சம்.

நான்தான் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை எடுத்து வைத்தேனே! தேடினேன். ஸோஜியும் இல்லை, பாமினியும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. 2018 கடைசியில் வந்த விண்டோஸ் 10இலிருந்து, எழுத்துருவைத் திறந்து சும்மா இன்ஸ்டால் என்று அழுத்தினால் அது அந்த ஆளுக்கு மட்டும் போகிறது, ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டருக்குள். எல்லாருக்கும் என்று போட்டால்தான் நான் பெருமையாகக் காப்பி எடுத்த இடத்துக்கு வரும். சித்தப்பா சும்மா அழுத்தியிருக்கிறார். ஆப்டேட்டாவை நான் தொடவே இல்லை.

லதா எழுத்துருவையும் காணோம், ஆனால் அது என் தப்பு இல்லை, புது விண்டோஸில் அதைத் தனியாக "தமிழ் கூடுதல் எழுத்துருக்கள்" என்று கேட்டு வாங்க வேண்டும். ரங்கூனின் லத்தா டவுன்ஷிப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லதாவைத் தேடுகிறேன் என்று சொன்னேன், சித்தப்பா சிரிக்கவில்லை.

ஞாயிறு, 12 அக்டோபர்

பாமினியை அச்சகத்துக்காரரே பென்டிரைவில் கொடுத்தார், அவரிடம் இல்லாத பழைய எழுத்துருவே கிடையாது. நோட்டீஸ் உயிர் பெற்றது. இந்தத் தடவை "எல்லாருக்கும்" என்று போட்டேன். பில்களை ஸோஜியில் விட மனமில்லை, ராபிட் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக்கினேன், கணக்கு ஃபோல்டர் மட்டும் மூன்று மணி நேரம் தின்றது.

மாற்றும்போதுதான் கவனித்தேன், பர்மியத்துக்கும் தமிழுக்கும் இதில் ஒரே சிக்கல். பர்மிய எழுத்துக்கு இடப்பக்கம் வரும் தவேதோ என்ற குறியும் நம் கெ, கேயின் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பும் அண்ணன் தம்பி. பழைய முறையில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பை முதலில் அடித்து எழுத்தை அப்புறம் அடிப்போம், யூனிகோடு எழுத்தை முதலில் வைத்துக் கொம்பைப் பின்னால் வைக்கிறது. டைப்ரைட்டரில் படித்த சித்தப்பாவின் விரலுக்கு இரண்டு மொழியிலும் கொம்புதான் முதலில். அவருக்கு இந்த வயதில் தமிழ்99 விசைப்பலகை சொல்லிக்கொடுக்க நான் தயாரில்லை. எ-கலப்பை என்ற தட்டச்சுப் புரோகிராமைப் போட்டு அதில் பாமினி விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். விரல் பழைய மாதிரி ஓடும், விழுவது யூனிகோடு.

"கோவில்" என்று அடித்துப் பார்த்தார். தலையாட்டினார். மூடப் போனவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுல அம்மா போட்டோ இருந்துச்சேடா."

வால்பேப்பர். அப்பத்தா தட்டோன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம். படங்கள் ஃபோல்டரில் அது இல்லை, யாரோ அனுப்பியதை வால்பேப்பராக வைத்துவிட்டு ஃபைலை எப்போதோ அழித்திருக்கிறார். விண்டோஸ் தன் பங்குக்கு ஒரு காப்பி வைத்துக்கொண்டிருந்திருக்கும், அதுவும் ஆப்டேட்டாவுக்குள்தான்.

தட்டோன் அத்தைக்கு வைபரில் கேட்டிருக்கிறேன். இன்னும் ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது, அங்கே கரண்ட் இல்லை போல.