சேவை மனப்பான்மையும் என் கட் ஆஃப் மார்க்கும்

நர்சிங் ஏன் எடுத்தாய் என்று கேட்டால் "சின்ன வயசிலிருந்தே சேவை செய்ய ஆசை" என்று சொல், அப்போதுதான் வேலை கிடைக்கும் என்று சீனியர் அக்காக்கள் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் ஒப்பித்தேன். நிஜக் காரணம் வேறு. பிளஸ் டூவில் பயாலஜி குரூப், எம்.பி.பி.எஸ். கட் ஆஃப் எட்டவில்லை, வீட்டில் கடன், 4 வருஷம் பி.எஸ்சி. நர்சிங் படித்தால் உடனே வேலை என்றார்கள். அத்தை மட்டும் "நைட் டூட்டி பார்க்கிற பொண்ணை யார் கட்டுவா?" என்றார் (பிறகு காலில் சர்க்கரைப் புண் வந்தபோது டிரெஸ்ஸிங் பண்ண என்னைத்தான் கூப்பிட்டார்).

சம்பளத்துக்காக வந்தேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. அதுவும் பெரிய சம்பளம் கிடையாது. 2015-ல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு எடுத்த ஒப்பந்தச் செவிலியர்களுக்கே தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய்தான். நான் பார்த்தவரை, சம்பளப் பேச்சு வரும்போதுதான் பலருக்கும் 'சேவை' ஞாபகம் வருகிறது.

சரி, பிறகு ஏன் இதிலேயே இருக்கிறேன்? மூச்சு எண்ணுவதால் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பி.பி., பல்ஸ் எல்லாம் மெஷின் காட்டிவிடும், ஜெனரல் வார்டில் மூச்சை மட்டும் ஆள்தான் எண்ணணும், முழுசாக ஒரு நிமிஷம், அதுவும் நோயாளிக்குத் தெரியாமல், ஏனென்றால் தெரிந்தால் மூச்சு மாறிவிடும், அதனால் பல்ஸ் பார்க்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைக் கவனிப்போம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்கலாம். வேலை நெரிசலில் எண்ணாமலே எல்லா சார்ட்டிலும் 20 என்று எழுதுகிற வழக்கமும் உண்டு. ஆனால் உடம்பு மோசமாகும்போது பல நேரம் பி.பி. இறங்கும் முன்பே மூச்சு ஏறிவிடும்.

ஒரு நைட் டூட்டியில், வயிற்றில் ஆபரேஷன் ஆன பாட்டி ஒருவர் "நல்லாத்தான் இருக்கேம்மா" என்கிறார், விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் 97, அதுவும் சரிதான், ஆனால் எண்ணினால் மூச்சு 28. டாக்டரை எழுப்பினேன். சலித்துக்கொண்டேதான் வந்தார், பார்த்ததும் உடனே ஐ.சி.யூ.வுக்கு மாற்றச் சொன்னார். செப்சிஸ், அதாவது கிருமித் தொற்றால் உடம்பு முழுக்கப் பாதிக்கப்படுகிற ஆபத்தான நிலை, ஆரம்பித்திருந்தது. பாட்டி பிழைத்தார். அன்றைக்கு எனக்கு வந்தது கருணையோ தியாகமோ இல்லை, இந்த வேலை எனக்கு நன்றாக வருகிறது என்ற கர்வம்தான்.

வெளிநாட்டு யோசனை இன்னும் இருக்கிறது, சம்பளம் அங்கேதான். ஆனால் எங்கே போனாலும் வார்டுதான் வேணும், இன்சூரன்ஸ் பேப்பர் சரிபார்க்கிற டேபிள் வேலை வேண்டாம்.