மின்பொறியால் காற்றின் வேகம்: நான் சறுக்கிய இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், படிப்பின் கடைசி வருடம் எல்லாரும் ஹாட் வயர் (சூடான கம்பியைக் காற்று எவ்வளவு ஆற்றுகிறது என்று பார்த்து வேகம் அளக்கும் முறை) பக்கம் போக, நான் மட்டும் மின்பொறியை (ஸ்பார்க்) வைத்துக் காற்றின் வேகத்தை அளக்கிறேன் என்று பிராஜெக்ட் எடுத்தேன். இதே தலைப்பைத் தொடப் போகும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

விஷயம் எளிதுதான். இரண்டு கம்பிகளுக்கு நடுவே முதல் பொறி பாய்ந்ததும் அந்தப் பாதையில் காற்று அயனியாகிவிடும், அதாவது மின்சாரம் கடத்தும், அந்த அயனிக் கோடு காற்றோடு நகரும், அடுத்த பொறி புதுப் பாதை தேடாமல் நகர்ந்துபோன கோட்டிலேயே ஓடும். கேமரா ஷட்டரைத் திறந்தே வைத்தால் படத்தில் வரி வரியாக விழும். பொறிகளுக்கு இடையே 100 மைக்ரோ செகண்ட், வரிகளுக்கு இடையே 2 மில்லிமீட்டர் என்றால் வினாடிக்கு 20 மீட்டர். வரி நெளிந்தால் அங்கே காற்று கொந்தளிக்கிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதை வரைந்தே காட்டுங்கள்.

ஆனால் படம் ஒரு கணத்தைத்தான் பிடிக்கும். கொந்தளிப்பின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து பார்க்க, சின்ன இடைவெளியில் ஒளிர் மின்னிறக்கத்தை (பொறிபோல வெட்டாமல் காற்றினூடே விடாமல் ஓடும் மின் ஒளிர்வு) அணையாமல் வைத்து அதன் வோல்டேஜ் மாறுவதைப் பதிய வேண்டும். ஹாட் வயர்போல சூடாகி ஆற வேண்டிய கம்பி இதில் இல்லை, அதனால் வேகமான மாற்றத்தையும் காட்டும்.

நான் மாட்டியது இங்கேதான். டர்பனில் கடல் மட்டத்தில் அளவுதிருத்தம் (எந்த வோல்டேஜுக்கு எந்த வேகம் என்று வளைகோடு போடுவது) செய்துவிட்டு, ஜோகன்னஸ்பர்க்கில் காட்டப் போனேன். 1,700 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைவு. என் வளைகோட்டில் ஒரு புள்ளியும் உட்காரவில்லை. தேர்வாளர் “பாஷன் விதி தெரியுமா?” என்றார். 1889 என்று வருடம்வரை ஒப்பித்தேன். பொறி பாயும் வோல்டேஜ் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வருவதைப் பொறுத்தது என்றும் சொன்னேன். “அப்படியானால் உன் நோட்டில் காற்றழுத்தம் எங்கே?” என்றார். அந்தக் கட்டமே நான் போடவில்லை! ஈரப்பதமும் அப்படித்தான், டர்பன் கோடையில் காலைக்கும் மாலைக்குமே அளவு நகரும்.

ஓட்டம் சீராக இருக்கிறதா என்று பார்க்க ஊதுபத்தி காட்டலாம், நல்ல யோசனைதான், ஆனால் பொறி ஓடும்போது காட்டாதீர்கள். புகை கம்பி முனையில் படிந்து எனக்கு ஒரு நாள் வேலை போனது.

அப்புறம் லோட் ஷெடிங். லைட் போனதும் எல்லாம் அணைந்துவிட்டது என்று கம்பியைத் தொடப் போனேன், லேப் அண்ணன் போட்ட சத்தத்தில் கை நின்றது. மின்தேக்கியில் (கெபாசிட்டர்) சார்ஜ் அப்படியே இருந்தது. எர்த் கம்பியால் தொட்டு அதை இறக்கிய பிறகுதான் கையை உள்ளே விடுங்கள்.