கத்திரி வெயிலில் ஷட்ஜம்: அனலாக், டிஜிட்டல் சிந்தசைசர் இரண்டையும் கட்டிப் பார்த்த குறிப்பு

ஒரே ஸ்வரத்தை, ஒரே சத்த அளவில், இரண்டு சர்க்யூட்டுகள் வாசிக்க வேண்டும். காதுக்கு எங்கே வித்தியாசம் தெரிகிறது, அது எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்று பிடிக்க வேண்டும். இதற்காகக் கட்டியது இரண்டு குரல்கள், அதாவது தனித்தனியாக ஒலி எழுப்பும் இரண்டு சர்க்யூட்டுகள். அனலாக் குரலில் பிசி 547 டிரான்சிஸ்டர்களும் டிஎல் 072 ஐசிகளும் கொண்ட ரம்பப்பல் அலை ஆசிலேட்டர் (ஸ்வரத்தின் அலையை உண்டாக்கும் பகுதி), அதன் பின்னால் நான்கு படி லேடர் ஃபில்டர் (மேல்தொனிகளை வெட்டும் பகுதி). டிஜிட்டல் குரலில் டீன்சி 4.0 மைக்ரோகண்ட்ரோலர் போர்டும், அதன் எண்களை ஒலி சிக்னலாக மாற்றும் பிசிஎம் 5102 மாட்யூலும். இரண்டுக்கும் பொது அளவுகோல் ஒரு கட்டையில் வைத்த எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி.

அனலாக் சிந்தசைசர் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை 20, 25 டிகிரி அறையில் உட்கார்ந்து எழுதியவை. வேலூரில் கத்திரி நாட்களில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் காலை 6 மணிக்கு 29 டிகிரி, பிற்பகல் 3 மணிக்கு 38 டிகிரி. இந்த 9 டிகிரிதான் முழு வேலையையும் தீர்மானித்தது.

பவர் சப்ளை

பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட் வேண்டும். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் போதும் என்று தோன்றும், போதாது. லைன் வோல்டேஜ் 180-க்கு இறங்கும் மாலை நேரத்தில் 12 வோல்ட் சுற்று 9.4 வோல்ட்தான் தரும். டயோடு தாண்டி உச்சத்தில் 12.6 வோல்ட். பிளஸ் 12 தரும் 7812 ரெகுலேட்டருக்கு உள்ளே குறைந்தது 14 வோல்ட் வேண்டும். ரெகுலேட்டர் கைவிட்டதும் 100 ஹெர்ட்ஸ் உறுமல் நேராக ஸ்வரத்தில் ஏறும். 15-0-15 போட்டால் அதே 180 வோல்ட்டிலும் ஏறக்குறைய 16 வோல்ட் உச்சம் கிடைக்கும்.

அடிக்கடி எரியும் இடம் மைனஸ் 12 தரும் ரெகுலேட்டர் 7912. அதன் கால் வரிசை 7812 மாதிரி இல்லை: முதல் கால் கிரவுண்ட், நடுக்கால் இன்புட், மூன்றாவது அவுட்புட். முதுகிலுள்ள உலோகத் தகடு இன்புட்டோடு இணைந்தது. இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில் மைக்கா இல்லாமல் முடுக்கினால் சப்ளை ஷார்ட் ஆகும். டிரான்ஸ்ஃபார்மர், ரெகுலேட்டர், பிசி 547 எல்லாம் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் கடைகளில் உள்ளூரிலேயே கிடைக்கும். மற்றவற்றுக்குக் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போவதே சுருக்கு வழி.

ஆசிலேட்டர்: இங்கேதான் வெயில் புகுகிறது

கீபோர்டிலிருந்து ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் வருகிறது. ஒவ்வொரு வோல்ட்டுக்கும் அதிர்வெண் இரட்டிக்க வேண்டும். இந்த இரட்டிப்பைச் செய்வது ஒரு ஜோடி டிரான்சிஸ்டர். அதன் பேஸில் 18 மில்லிவோல்ட் ஏறினால் கரன்ட் இரண்டு மடங்காகும். அந்த 18 மில்லிவோல்ட் என்ற எண் வெப்பத்தோடு நகர்கிறது, டிகிரிக்கு 0.33 சதவீதம்.

ஓர் அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். ஒரு ஸ்தாயி 1,200 சென்ட். 0.33 சதவீதம் என்றால் ஸ்தாயிக்கு, டிகிரிக்கு 4 சென்ட். ஜோடியின் இரண்டு பக்கமும் சம கரன்ட் ஓடும் ஸ்வரம் மட்டும் நகராது. அதை மத்திய ஷட்ஜத்தில் வைத்தால், இரண்டு ஸ்தாயி மேலே உள்ள ஷட்ஜம் 9 டிகிரி ஏற்றத்தில் 72 சென்ட் இறங்கும். காலையில் ஷட்ஜமாக இருந்தது பிற்பகலில், அரை ஸ்வரம் கீழே உள்ள காகலி நிஷாதத்தின் வாசலில் நிற்கும். கீழ் ஸ்தாயியில் நேர்மாறாக ஏறும். மொத்த ஸ்கேலும் சுருங்குகிறது. ‘அனலாக் கொஞ்சம் அலையும், அதுதான் அழகு’ என்பவர்கள் இந்த 72 சென்ட்டைச் சொல்வதில்லை. இது அழகில்லை, பிழை.

திருத்தம்: பேஸுக்குப் போகும் பிரிப்பானில் (வோல்டேஜைக் குறைக்கும் ரெசிஸ்டர் ஜோடி) கீழ்க்கால் 1 கே ரெசிஸ்டராக இருக்கும். அந்த இடத்தில் டிகிரிக்கு 3,300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3,300 பங்கு, அதாவது 0.33 சதவீதம்) ஏறும் டெம்ப்கோ ரெசிஸ்டர் போட வேண்டும். என்டிசி தெர்மிஸ்டர் எதிர்த் திசையில் போவது. அதைப் போட்டால் பிழை இன்னும் பெருகும். மேல்கால் 51 கே, அதோடு தொடராக 10 கே மல்டிடர்ன் டிரிம்மர். டெம்ப்கோவை டிரான்சிஸ்டர் ஜோடியின் முகத்தோடு தெர்மல் பேஸ்ட் வைத்து ஒட்டி, மேலே ஒரு சின்ன மூடி கவிழ்க்க வேண்டும். மூடாமல் விட்டால் சீலிங் ஃபேன் காற்று பட்டுப் பட்டுச் சுருதி நடுங்கும்.

ஜோடி தேர்ந்தெடுக்கும்போதும் ஃபேனை நிறுத்த வேண்டும். இருபது பிசி 547-ஐ பிரெட்போர்டில் வரிசையாகக் குத்தி, ஒரே கரன்ட்டில் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் அளந்து, 2 மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போகும் இரண்டை எடுக்கலாம். விரலால் தொட்ட டிரான்சிஸ்டரை உடனே அளக்கக் கூடாது. ஒரு டிகிரி சூட்டுக்கே 2 மில்லிவோல்ட் இறங்கிவிடும். இடுக்கியால் எடுத்து, இரண்டு நிமிடம் விட்டு அளப்பதே சரி.

டைமிங் கபாசிட்டர் 1 நானோஃபாரட், என்பி0 வகை அல்லது பாலிஸ்டைரீன். கைக்குக் கிடைத்த சாதாரண செராமிக் போட்டால் வெப்பத்துக்கு மதிப்பு மாறும்; மேசையைத் தட்டினால் ஒலியிலும் கேட்கும். ரெசிஸ்டர்கள் ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம். டிகிரிக்கு 100 பிபிஎம் என்றால் 10 டிகிரிக்கு 1.7 சென்ட்; அதே இடத்தில் 500 பிபிஎம் கார்பன் போட்டால் 8.6 சென்ட்.

மேல் ஸ்வரங்கள் மட்டும் எப்போதும் இறங்கியே இருந்தால் காரணம் வெப்பமில்லை, ரீசெட் நேரம். அலை உச்சம் தொட்டுத் திரும்ப 1 மைக்ரோசெகண்ட் எடுத்தால் 5,000 ஹெர்ட்ஸில் அரை சதவீதம் இழப்பு. கபாசிட்டருக்குத் தொடராக 1 கே போட்டால் சரியாகும். ரீசெட் நேரத்தைக் கபாசிட்டர் மதிப்பால் வகுத்தால் இந்த 1 கே வரும். டிரிம்மரைத் திருகும் முன் அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். வாசிக்கப்போகும் நேரத்தின் சூட்டில் திருகுவது நல்லது.

லேடர் ஃபில்டர்

ராபர்ட் மூக் 1960-களில் வடிவமைத்தது. நான்கு படி, ஸ்தாயிக்கு 24 டெசிபெல் வெட்டு. இதன் குணம் முழுக்க அடியிலுள்ள ஜோடிக்குள் எவ்வளவு சிக்னல் போகிறது என்பதில் இருக்கிறது. 5 வோல்ட் உச்சமுள்ள அலையை 100 கே, 220 ஓம் பிரிப்பானில் இறக்கினால் 11 மில்லிவோல்ட்: சுத்தமான, மெலிந்த ஒலி. 220-க்குப் பதில் 1 கே வைத்தால் 50 மில்லிவோல்ட்: அலையின் தோள்கள் வளைந்து ஒலி தடிக்கும். அனலாக்கின் ‘கனம்’ என்று எல்லோரும் சொல்வதில் பெரும்பங்கு இந்த ஒரு ரெசிஸ்டர்.

ரெசொனன்ஸ், அதாவது வெட்டும் இடத்தருகே ஒலியைத் தூக்கிக் காட்டும் பின்னூட்டம், கூட்டக் கூட்ட அடித்தொனி இறங்கும். தானே ஊதத் தொடங்கும் விளிம்பில் அடித்தொனி 14 டெசிபெல் கீழே போயிருக்கும். இது பழுதென்று நினைத்துக் கபாசிட்டர் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். சர்க்யூட்டின் இயல்பே அதுதான்.

டிஜிட்டல் குரல்

வயரிங் எளிது. டீன்சியின் 21, 20, 7 பின்கள் முறையே பிட் கிளாக், இடவலக் கிளாக், டேட்டா. சத்தமே வராவிட்டால் பிசிஎம் 5102 மாட்யூலில் எஸ்சிகே பின் கிரவுண்டோடு சேர்ந்திருக்கிறதா, எக்ஸ்எஸ்எம்டி பின் 3.3 வோல்ட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டீன்சியின் ஆடியோ லைப்ரரி 128 சாம்பிள்களாக வேலை செய்வதால் தாமதம் 2.9 மில்லிசெகண்ட், விரலுக்குத் தெரியாது.

சுருதி பாறைபோல் நிற்கிறது, பிற்பகல் 3 மணிக்கும். ஆனால் சாதாரண ரம்பப்பல் அலையைத் தேர்ந்தெடுத்து மேலே போனால் வேறொரு நோய் தெரியும். 2,093 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் 21-ஆவது மேல்தொனி 43,953 ஹெர்ட்ஸ். நொடிக்கு 44,100 சாம்பிள் எடுக்கும் கருவியில் அது மடங்கி 147 ஹெர்ட்ஸாகக் கீழே வந்து விழும், மூல ஸ்வரத்தைவிட 26 டெசிபெல் குறைவாக. ஸ்வரத்துக்கு அடியில் யாரோ முனகுவது போலிருக்கும். ஸ்வரத்தை மெல்ல மேலே இழுத்தால் முனகல் கீழே இறங்கும். ஜாரு, கமகம் வாசிக்கும்போது இது தாங்காது. லைப்ரரியிலேயே உள்ள, மடங்கும் மேல்தொனிகளை அடக்கிய பேண்ட்லிமிட் ரம்பப்பல் அலைக்கு மாற்றினால் முனகல் அடங்கும்.

ஃபில்டர் திருகியில் இன்னொன்று. திருகலை எண்ணாக அனுப்பும் மிடி கண்ட்ரோலரின் 128 படிகளை 20-லிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை பரப்பினால் படிக்கு 94 சென்ட், அதாவது கிட்டத்தட்ட அரை ஸ்வரம். திருகினால் ஏணிப்படி ஏறுவது கேட்கும். மதிப்பை 10 மில்லிசெகண்ட் வழுவழுப்பாக்கினால் போதும்.

சத்தத்தைச் சமன் செய்தபின்

ஒரு டெசிபெல் அதிகம் கேட்கும் குரலைத்தான் காது ‘நல்லது’ என்று சொல்லும். அதனால் ஒப்பிடும் முன் மல்டிமீட்டரின் ஏசி அளவில் இரண்டையும் 0.2 டெசிபெலுக்குள், அதாவது 2 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும். ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் இல்லையென்றாலும் பாதகமில்லை. இரண்டும் ரம்பப்பல் அலை என்பதால் பிழை இரண்டுக்கும் ஒன்றே.

ஒற்றை ஆசிலேட்டர், ஃபில்டர் முழுத் திறப்பு, மத்திய ஸ்தாயி: கண்ணை மூடிக் கேட்டால் பிரித்துச் சொல்வது கடினம். இரண்டு ஆசிலேட்டர் சேர்த்ததும் வித்தியாசம் திறக்கிறது. டிஜிட்டலில் 5 சென்ட் விலக்கி வைத்தால் 261.6 ஹெர்ட்ஸில் சரியாக 1.3 நொடிக்கு ஓர் அலைவு, கடிகாரம் போல. அனலாக்கில் அந்த அலைவு ஒருமுறை நீளும், ஒருமுறை குறுகும். நரம்புகள் சேர்ந்து மீட்டுவதற்கு அது நெருக்கம். டிஜிட்டலிலும் ஒவ்வொரு ஆசிலேட்டருக்கும் தனித்தனியாக 2 சென்ட்டுக்குள் மெல்ல நகரும் எண்ணைச் சேர்த்தோம். 50 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மாற்றி, அதையும் வழுவழுப்பாக்கி. இடைவெளியில் பெரும்பகுதி மூடிவிட்டது. சுருதிப் பெட்டியோடு வைத்துக் கேட்கும்போது 2 சென்ட்டுக்கு மேல் போகக் கூடாது. சுத்தமான பஞ்சமத்துக்கும் கீபோர்டு பஞ்சமத்துக்கும் உள்ள வித்தியாசமே 2 சென்ட்தான்.

மூடாத பகுதி ஃபில்டர். கணக்கில் வளைவு இல்லாத டிஜிட்டல் ஃபில்டர், ரெசொனன்ஸ் ஏறியதும் கண்ணாடிபோல் கீச்சிடும். லேடர் வகை டிஜிட்டல் ஃபில்டருக்கு மாற்றி, இன்புட்டைக் கூட்டிக் கொடுத்தபோது அருகில் வந்தது. ஆனால் வேகமாகத் திருகும்போது டிரான்சிஸ்டர் ஏணியே இன்னும் முன்னால் நிற்கிறது. எங்கள் கணிப்பில் அனலாக்குக்குப் பணம் செலவழிக்கத் தகுந்த இடம் ஃபில்டர் ஒன்றுதான், ஆசிலேட்டர் இல்லை. ரோலண்ட் 1984-இல் வெளியிட்ட ஜூனோ 106 செய்ததும் ஏறக்குறைய இதுவே: ஆசிலேட்டருக்கு டிஜிட்டல் கிளாக், ஃபில்டர் அனலாக்.

மணி

டிஜிட்டல் தெளிவாக முந்தும் இடம் உலோக ஒலி. ஜான் சௌனிங் கண்டறிந்து, 1983-இல் யமஹா டிஎக்ஸ்7 வழியாகப் பரவிய எஃப்எம் முறையில், அதாவது ஓர் அலை இன்னொன்றின் அதிர்வெண்ணை அசைக்கும் முறையில், இரண்டு சைன் அலைகள் போதும். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் மணியை மனதில் வைத்துத் தொடங்கிய அமைப்பு இது: மூல அலை 200 ஹெர்ட்ஸ், அதை அசைக்கும் அலை 280 ஹெர்ட்ஸ், அசைவுக் குறியீடு (எவ்வளவு அசைக்கிறது என்ற எண்) 10-இல் தொடங்கி 15 நொடியில் பூஜ்ஜியத்துக்கு இறங்க வேண்டும். இறக்கம் நேர்கோடாக இருந்தால் தகரம் தட்டியது போலாகும். முதலில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் இறங்கும் வளைவு வேண்டும். 1.4 என்ற விகிதம் ஒரு சதவீதம் நகர்ந்தாலே மணியின் குணம் மாறுகிறது. அனலாக் ஆசிலேட்டர் இரண்டை வைத்து இதே மணியை முயன்றபோது, டெம்ப்கோ போட்ட பிறகும் காலையில் ஒரு மணி, பிற்பகலில் வேறொரு மணி கேட்டது. இப்போது டிஜிட்டல் மணியின் அவுட்புட்டை லேடர் ஃபில்டருக்குள் விட, அதன் நுழைவுப் பிரிப்பானின் 1 கே-யை 470 ஓமாகக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 1 கே-யில் அடியின் முதல் கணம் நசுங்குகிறது.