தலைப்பு இருந்தது, தரவு இருக்கவில்லை

இறுதியாண்டு ஆய்வுத் தலைப்பைப் பதிவு செய்ய எங்களுக்கு ஆறு வாரங்கள் தரப்பட்டிருந்தன. அவற்றுள் நான்கை நான் டெங்குவிடம் பறிகொடுத்தேன், அதுவும் காய்ச்சல் வராமலே.

கொழும்பில் அடுத்த வாரம் எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவில் டெங்கு கூடும் என்பதை தரவிலிருந்து தானே கற்கும் கணினி நிரலான நரம்பு வலையமைப்பொன்றைக் கொண்டு கணிப்பது என் எண்ணம். மேற்பார்வையாளர், "தரவு கையில் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். கேட்டால் தருவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பதிலுக்காக இன்றும் என்னையே கடிந்துகொள்கிறேன்.

வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, தரவு இருக்கும் ஓர் அரச அலுவலகத்துக்கு மூன்று முறை சென்றேன். முதல் முறை, கடிதத்தில் துறைத் தலைவரின் முத்திரை இல்லையென்று எழுதுவினைஞர் திருப்பி அனுப்பினார். அடுத்த முறை முத்திரை இருந்தது. கையொப்பமிட வேண்டிய அதிகாரி இருக்கவில்லை. மூன்றாம் முறைதான், நோயாளரின் வதிவிடம் சார்ந்த தரவுக்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதை, முதல் நாளே சொல்லியிருக்கக்கூடிய அதே எழுதுவினைஞர், கோப்பிலிருந்து தலை நிமிராமலே சொன்னார். எங்கள் பீடத்தில் அந்தக் குழு கூடுவதற்குள் பதிவுக் காலம் முடிந்துவிடும்.

வாராந்த எண்ணிக்கை இணையத்தில் கிடைக்கிறதே என்றார்கள் நண்பர்கள். அது மாவட்ட அளவிலானது. 10 ஆண்டுகளைச் சேர்த்தாலும் கொழும்புக்கு ஏறத்தாழ 520 வரிகள்தான் தேறும். அதை வைத்துப் பிரிவு வாரியாகக் கணிப்பதாகச் சொல்லியிருந்தால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொண்டிருப்பேன்.

எஞ்சிய நாட்களில் தலைப்பைத் தேடாமல் தரவைத் தேடினேன். 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்தில் பழைய தமிழ் நூல்களின் ஸ்கேன் பக்கங்கள் யாருடைய முத்திரையும் இல்லாமல் கிடைத்தன. படத்திலுள்ள எழுத்தைக் கணினி உரையாக மாற்றும் டெசரக்ட் எழுத்துணரியில் 20 பக்கங்களை ஓட்டிப் பார்த்தபோது துணைக்கால் ரகரமாகவும் ரகரம் துணைக்காலாகவும் மாறி வந்தன. இந்தப் பிழைகளைத் தானாகத் திருத்துவதே தலைப்பாயிற்று. ஆனால் எழுத்துணரி தந்த உரையைச் சரியான உரையோடு ஒப்பிடும் என் நிரல் சரியான சொற்களையும் பிழையென்று காட்டியது. கணினி எழுத்துகளுக்கான குறியீட்டு முறையான ஒருங்குறியில் (யுனிகோட்) ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறு வேறு. இத்துறையில் இறங்குவோர் ஒப்பிடுவதற்கு முன் இரு உரைகளையும், இத்தகைய குறிகளை ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு முழு இரவு போயிற்று.

மேற்பார்வையாளர் மறுபடியும் அதே கேள்வியைத்தான் கேட்டார். பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தேன். முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் முன்னதாகப் படிவத்தில் கையொப்பம் விழுந்தது.