பத்மினிக்குப் புது ஸ்டீயரிங்

அப்பாவின் பழைய பிரீமியர் பத்மினி காருக்கு நேற்று மரப்பிடி போட்ட ஸ்டீயரிங் மாட்டினேன். ஸ்டீயரிங் வீல் சுலபமாகக் கிடைத்தது. அதை ஸ்டீயரிங் தண்டின் (ஷாஃப்ட்) பல்லோடு சேர்க்கும் 'பாஸ் கிட்' என்ற இணைப்புத் துண்டுக்குத்தான் மூன்று மாதம் அலைந்தேன்.

"வீலைப் பிடிச்சிருக்கிற நட்டை முழுசாக் கழட்டாதீங்க தம்பி, நாலு மரை விட்டு வைங்க" என்றார் மெக்கானிக் அண்ணன். பழைய வீல் படாரென்று பிடுங்கிக்கொண்டு வந்தபோதுதான் ஏன் என்று புரிந்தது. நட்டு தடுத்திருக்காவிட்டால் என் மூக்கு போயிருக்கும்.

பழைய வீல் இருந்த நிலைக்கு சாக்பீஸில் கோடு போட்டிருந்தும் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டேன். கார் நேராகப் போகிறது, ஸ்டீயரிங் சாய்ந்து நிற்கிறது. சரி, மறுபடி கழற்றினேன்.

வட்டம் சின்னது, பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது. நிறுத்தி வைத்துத் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும். கியர் கம்பி ஸ்டீயரிங்கை ஒட்டியே இருப்பதால், கியர் போடும்போது விரல் வீலில் இடிக்கிறது. ஹாரன் இன்னும் அடிக்கவில்லை.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்த அப்பா, "பழைய வீலை எங்கடா வச்சிருக்க?" என்று மட்டும் கேட்டார்.