நாலு முழம் தள்ளி

மதுரையில் மாப்பிள்ளைக்கு ஜவுளி எடுக்கப் போவதென்றால் ஒரு வேன் நிறைய ஆள் வேண்டும். என் பெரியப்பா மகன் கல்யாணத்துக்குப் பதினான்கு பேர் போனோம். விளக்குத்தூண் பக்கம் ஒரு கடை. காலை பத்து மணிக்குப் படியேறியவர்கள் பசியோடு இறங்கும்போது மணி மூன்றரை. கரை அகலமாக இருக்கணுமா, சின்னதாக இருக்கணுமா என்று அன்றைக்கு இரண்டு அத்தைகள் போட்ட சண்டை, அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் ஓயவில்லை. மாப்பிள்ளையை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் ஒரு ஓரமாக உட்கார்ந்து, கடைக்காரர் வாங்கிக் கொடுத்த கலரைக் குடித்துக்கொண்டிருந்தான்.

என் முறை வந்தபோது கடைக்குள் நான் ஒருத்தன்தான். 2020 ஜூன், லண்டன் ஈஸ்ட் ஹாம், ஹை ஸ்ட்ரீட் நார்த்.

ஊரில் வைகாசியில் நடந்திருக்க வேண்டிய கல்யாணம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்து, பத்திரிகை அடிக்க மாடலும் பார்த்தாகிவிட்டது. மார்ச் 22 முதல் வெளிநாட்டு விமானங்கள் இறங்க இந்தியா தடை போட்டது. மறுநாள் இரவு இங்கே ஊரடங்கு. நானும் அவளும் இங்கே, இரண்டு வீட்டாரும் அங்கே. அவளுக்கு நாகர்கோவில். எசெக்ஸ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது, ஈஸ்ட் ஹாமில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் வீட்டில் மாடி அறையில் குடியிருந்தேன்.

அந்த வசந்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. எங்கள் ஏரியா நியூஹாம் கவுன்சிலுக்குள் வருகிறது. மே 1ஆம் தேதி வந்த அரசுப் புள்ளிவிவரத்தில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கொரோனா இறப்பு விகிதம் அதிகமாக இருந்த இடம் அதுதான்: லட்சத்துக்கு 144. ராத்திரி படுத்தால் ரோமன் ரோடு பக்கமிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் வீடியோ காலில் வரும்போது மாஸ்க் அழுத்திய கோடு மூக்கின் இரு பக்கமும் சிவந்திருக்கும். கல்யாணப் பேச்சை நாங்களாக எடுக்கவே இல்லை. அம்மாதான் ஒருநாள், "அங்கேயே ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு ஒண்ணா இருங்கடா, ஆளுக்கொரு மூலையில கிடந்து சாகாதீங்க" என்றாள்.

கையெழுத்து போடுவதும் சுலபமில்லை. பதிவு அலுவலகத்தில் முன்னறிவிப்பு கொடுத்து 28 நாள் காத்திருக்க வேண்டும்; விசாவில் இருப்பவர்களுக்கு அது 70 நாளாகவும் நீளலாம். ஜூலை 4 முதல் இங்கிலாந்தில் 30 பேர் வரை வைத்துக் கல்யாணம் செய்யலாம் என்று அறிவிப்பு வந்தது. எண்ணிப் பார்த்தால், 28 நாள் முடியும் நேரத்தில் ஆடி பிறக்கிறது! போரிஸ் ஜான்சன் அனுமதித்தாலும் என் பாட்டி அனுமதிக்க மாட்டாள். சரி, ஆவணி என்று முடிவானது.

ஜூன் 15ஆம் தேதி துணிக்கடைகள் திறந்தன. பஸ்ஸிலும் ரயிலிலும் முகக்கவசம் கட்டாயமானதும் அன்றைக்குத்தான். முதலில் கோட் சூட். மத்திய லண்டனில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். போட்டுப் பார்க்கும் அறைகளைப் பூட்டி நாடா கட்டியிருந்தார்கள். அளவெடுக்க வேண்டிய பையன் பத்தடி தள்ளி நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாற்பது" என்றான். மார்ச்சில் நான் முப்பத்தெட்டு. மூன்று மாதம் வீட்டிலிருந்து வேலை பார்த்ததும், கீழ்வீட்டு அக்காவின் இடியப்பமும் சொதியும் அவன் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு அளவையும் வாங்கி வந்து, வீட்டில் போட்டுப் பார்த்து, ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன். திரும்பி வந்த துணியை மூன்று நாள் தனியாக வைத்த பிறகுதான் மறுபடி மாட்டுவார்களாம். கோட்டுக்கும் குவாரன்டைன்.

சூட்டில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. வேட்டிதான் பிரச்சினை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை பெண் வீட்டார் எடுத்துத் தருவது. நாகர்கோவில் அத்தை பிடிவாதமாக இருந்தார்: "மக்களே, அது எங்க மொறை. அவ வந்து எடுத்துத் தருவா." அவள் நைட் டியூட்டி முடித்து, தூங்காமல் நேராக ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷனுக்கு வந்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு நேரில் பார்க்கிறேன். பக்கத்தில் போகலாமா கூடாதா என்று இருவருக்கும் தெரியவில்லை. அவளே கையைக் காட்டி நிறுத்தினாள். "வார்டுல இருந்து வாறேன், நீங்க அங்கேயே நில்லுங்க."

கடை வாசலில் நடைபாதை முழுக்க மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. கடைக்காரருக்குக் காரைக்குடிப் பக்கம். ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் உள்ளே. இரண்டு பேர் வந்திருக்கிறோம், கல்யாண விஷயம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"தம்பி, கடை சின்னது. ரெண்டு மீட்டர்னு அரசாங்கம் சொல்லுது. நம்ம கணக்குல சொன்னா நாலு முழ வேட்டி. ஒரு வேட்டியை விரிச்சுப் போட்டா அந்தத் தலைப்புல நீங்க, இந்தத் தலைப்புல நான். மூணாவது ஆளுக்கு எடமில்ல."

ஆக, துணி எடுத்துத் தர வந்தவள் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். உடுத்தப் போகிறவன் உள்ளே போனேன்.

பட்டு வேட்டியை வாங்கிப் பழகியவர்களுக்குத் தெரியும், அதைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்க முடியாது. இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்க்க வேண்டும், கையில் தூக்கிக் கனம் பார்க்க வேண்டும், கரையைத் திருப்பி அடிப்பக்கத்தில் ஜரிகை இழை பிசிறடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் அம்மா இது எல்லாவற்றையும் கடைக்காரர் விலை சொல்லி முடிப்பதற்குள் செய்துவிடுவாள். இங்கே "துணியைத் தொட வேண்டாம்" என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தது. அண்ணாச்சி நீல நிற ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக விரித்தார். ரப்பரில் பட்டு ஒட்டி ஒட்டி வந்தது. அதைப் பார்க்க எனக்கே கூசியது.

போனில் அம்மா. "கரையைக் கிட்டக் காமி. அது மயில்கண்ணா? ஏன்டா நீலமா தெரியுது? வெள்ளைன்னு சொன்ன?"

"லைட்டு அப்படிம்மா."

"வெளிச்சத்துக்குக் கொண்டு போடா."

வாசல் பக்கம் கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன். அண்ணாச்சி கண்ணாடிக்கு உள்ளே வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். வெளியே நின்றவள் தன் போனில் அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து கண்ணாடியில் ஒட்டி வைத்தாள். ஒரு சேலம் வெண்பட்டை நாலு பெண்கள், மூன்று ஊரிலிருந்து பார்த்தார்கள். நாலாவது ஆள் யாரென்றால், எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு குஜராத்தி அம்மாள். அவர் கரை அகலம் போதாது என்று தலையை ஆட்டினார். விளக்குத்தூண் அத்தைகள் ஞாபகம் வந்தது.

கடைசியில் எடுத்தது ஒன்பது அஞ்சு: ஒன்பது முழ வேட்டி, ஐந்து முழ அங்கவஸ்திரம், இரண்டு விரல் கரை. சரக்கு போன வருஷத்தது என்று அவரே சொன்னார். மார்ச்சுக்குப் பிறகு ஊரிலிருந்து ஒரு பார்சலும் வரவில்லை. பணத்தை அவள் வெளியிலிருந்தே கட்டினாள். கார்டு மிஷினைக் கதவிடுக்கில் நீட்டினார், அவள் கார்டைக் காட்டி எடுத்தாள். முறை நிறைவேறியது.

வீட்டுக்கு வந்து பிரித்தபோது நடு மடிப்பில் நீளமாக ஒரு பழுப்புக் கோடு. பன்னிரண்டு வாரம் பூட்டிய கடையில் மடித்த மடிப்பிலேயே கிடந்த பட்டு. எனக்கு அழுகை வராத குறை. மறுநாள் திருப்பிக் கொண்டுபோனேன். அவர் வாங்கிப் பார்த்தார், மாற்றுக்கு இதே கரை இல்லை, வேண்டுமானால் சாதா கரை தருகிறேன் என்றார். அம்மாவிடம் கேட்டேன். "கொசுவத்துக்குள்ள போற எடம்தானே? பொண்ணு வீட்டுல எடுத்ததை மாத்தக் கூடாது. அப்படியே கட்டு." பழுப்புக் கோட்டுக்காகப் பத்து பவுண்டு குறைத்துக் கொடுத்தார்.

சட்டையை ஊரில் தைத்து அனுப்புகிறேன் என்று அப்பா நினைத்திருந்தார். எனக்குச் சின்ன வயசிலிருந்து தைக்கிறவர் புது மண்டபத்தில் இருந்தார், அளவுகூட அவர் நோட்டில் இருக்கிறது. ஆனால் லண்டனில் கடைகள் திறந்த அடுத்த வாரம், ஜூன் 24ஆம் தேதி மதுரையை முழுசாகப் பூட்டிவிட்டார்கள். எனவே இங்கேயே ஒரு ரெடிமேட் பட்டுச் சட்டை. கை கொஞ்சம் நீளம், மடித்துவிட்டால் தெரியாது.

ஆகஸ்ட் 15 முதல் 30 பேர் உட்கார்ந்து சாப்பிடவும் அனுமதி வந்தது. எங்களுக்கு அத்தனை பேர் தேறவில்லை. கடைசி வாரம் ஒரு காலையில் சூட் போட்டுப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தோட்டத்தில் தாலி கட்டுவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் வேட்டி கட்டி மாடியிலிருந்து இறங்கினேன். கீழ்வீட்டு அக்கா ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, தலைப்பா எங்க?"

"எங்க பக்கம் கட்டுறதில்லக்கா."

"தலைப்பா இல்லாமல் என்னெண்டு மாப்பிள்ளை? இஞ்சாருங்கோ, உங்கட பெட்டிக்குள்ள கிடக்கிறதை எடுத்துக்கொண்டு வாங்கோ."

அக்காவின் வீட்டுக்காரர் தன் கல்யாணத்துத் தலைப்பாகையை எடுத்து வந்தார். முப்பது வருஷத்துக்கு முந்தியது, பூச்சி உருண்டை வாசம். என் தலைக்கு அது கொஞ்சம் பெரிது. உள்ளே டிஷ்யூ பேப்பர் மடித்து வைத்து இறுக்கிவிட்டார். அக்கா போனை எடுத்து, மதுரைக்கு நேராக என் முகத்தைப் பிடித்தார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பக்கத்தில் யாரிடமோ கேட்டது கேட்டது.

"ஏங்க, இது யாரு? நம்ம பையன் எங்க?"