வேலியில் ஒரு ஓட்டை விடுங்கள்

இங்கிலாந்தில் சொந்த வீடு வாங்கும் நம்மவர்கள் முதல் வருடத்திலேயே முடித்துவிடுகிற வேலைகள் சில உண்டு. பின்பக்கத் தோட்டத்துப் புல்லைச் சுரண்டிப் போட்டுவிட்டுக் கல் பாவுவது, இல்லையென்றால் பிளாஸ்டிக் புல் விரிப்பது, பழைய மரவேலியைப் பிடுங்கிவிட்டு அடியில் கான்கிரீட் பலகை வைத்துப் புது வேலி அடிப்பது. வேலை மிச்சம், பிள்ளைகள் காலில் சேறு ஒட்டாது, எல்லாம் சரிதான். ரெடிங்கில் நாங்கள் வாங்கிய வீட்டில் இதில் எதையும் செய்யவில்லை. காரணம் முள்ளெலி, இங்கே ஹெட்ஜ்ஹாக் என்கிறார்களே அது. இதை நம் ஆட்களிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அங்கே பொட்டல் காடுகளிலும் முள்ளெலி உண்டு, ஆனால் அது வேறு இனம், இங்கே இருப்பதைவிடச் சின்னது. சின்ன வயதில் நான் பார்த்தது அதன் காய்ந்த தோலை மட்டும்தான். சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் எடுத்து வைத்திருந்தார்கள், தெருவில் எந்தப் பிள்ளைக்குக் கக்குவான் இருமல் வந்தாலும் அதிலிருந்து ரெண்டு முள்ளைப் பிடுங்கிச் சுட்டுச் சாம்பலாக்கித் தேனில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். உயிரோடு ஒரு முள்ளெலி நடந்து போவதை முதன்முதலில் பார்த்தது இங்கே வந்த பிறகுதான்.

மே மாதம், ராத்திரி பதினோரு மணி இருக்கும், பின்வாசல் பக்கம் யாரோ மூச்சு வாங்குவது மாதிரி புஸ்ஸு புஸ்ஸென்று விடாமல் சத்தம். வீட்டுக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் புல்தரையில் ரெண்டு முள்ளெலி. ஒன்று நடுவில் நின்றுகொண்டு சீறுகிறது, இன்னொன்று அதைச் சுற்றிச் சுற்றி வருகிறது. மறுநாள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொன்னேன். அதுவரை அவரோடு எனக்குக் குட் மார்னிங்கைத் தாண்டிப் பேச்சு கிடையாது. அவர் முகம் அப்படி மலர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "ஆண் வந்துவிட்டதா! சில நாள் மணிக்கணக்கில் சுற்றும், பெண் விலகிப்போ விலகிப்போ என்று சீறிக்கொண்டே இருக்கும்" என்று ஆரம்பித்தவர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே அரைமணி நேரம் பேசினார். நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி அவரிடமிருந்து வந்ததுதான்.

பாட்டி சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் முள்ளெலிக்கு ரொட்டியும் பாலும் வைப்பார்களாம். இப்போது யாரும் அப்படிச் செய்யக் கூடாது, பால் அதற்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்து செத்தே போகலாம். இறைச்சி சேர்ந்த பூனை உணவு அல்லது பூனை பிஸ்கட், கூடவே ஆழமில்லாத கிண்ணத்தில் தண்ணீர், இது போதும். கடையில் பறவைகளுக்கென்று விற்கும் காய்ந்த புழுவை முள்ளெலி ஆசையாகத் தின்னும், ஆனால் அதில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம், நிறையத் தின்றால் எலும்பு கெட்டுவிடும். அதனால் அதை நான் வாங்குவதே இல்லை.

தட்டைத் திறந்தவெளியில் வைத்தால் பூனை காலி செய்துவிடும். பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, ஓரத்தில் 13 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் உள்ள வாசல் வெட்டி, நரி தள்ளிவிடாமல் மேலே ஒரு செங்கல்லை வைத்திருக்கிறோம். வாசலுக்கு நேரே உள்ளே இன்னொரு செங்கல், முள்ளெலி அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடும், பூனையின் கை எட்டாது. வெளிச்சத்துக்குச் சமையலறை விளக்கு மட்டும். சத்தம் போடாமல் உட்கார்ந்தால் ஒரு மீட்டர் தூரத்தில் வந்து போகும். பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது சாப்பிடும்போது போடுகிற சத்தத்துக்கும் அதன் உருவத்துக்கும் சம்பந்தமே இல்லை, பிஸ்கட்டை நறநறவென்று வாயைத் திறந்து மெல்லும். முகத்திலும் வயிற்றிலும் முள் கிடையாது, சொரசொரப்பான பழுப்பு முடிதான். ஓடும்போது பார்த்தால் கால்கள் நாம் நினைப்பதைவிட நீளம். ஒருநாள் எங்கள் பழைய தோல் செருப்பை முகர்ந்து கடித்துவிட்டு, வாயெல்லாம் நுரையாக, கழுத்தைப் பின்னால் வளைத்துத் தன் முள்ளின் மேலேயே அந்த நுரையைப் பூசிக்கொண்டது. நோய் ஏதோ என்று பயந்துபோனோம். பாட்டிதான் புது வாசனை கிடைத்தால் அப்படிச் செய்யும், பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

இதையெல்லாம் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஏட்டி, சோத்தையும் வச்சு அதுக்குக் காவலும் இருக்கியா?" என்று கேட்டார். அப்புறம் அவரே, "நம்ம பக்கம் இப்ப கண்ணுலயே படலியே, அதையும் தோலை உரிச்சே தீத்துட்டாங்களோ என்னமோ" என்றார். எனக்கும் அந்தக் கவலை உண்டு.

சாப்பாட்டைவிட முக்கியமானது வேலி. முள்ளெலி ஒரு ராத்திரியில் சாதாரணமாக ஒரு கிலோமீட்டர், ரெண்டு கிலோமீட்டர் நடக்கும். வண்டும் புழுவும் நத்தையும் தேடித் தோட்டம் தோட்டமாகப் போக வேண்டும், ஒரு வீட்டுத் தோட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் போதாது. நாம் வரிசையாகக் கான்கிரீட் பலகை வைத்து அடைத்துவிட்டால் அதற்கு மிஞ்சுவது ரோடுதான், ரோட்டில் கார். 2020-ல் வந்த பிரிட்டன் பாலூட்டிகளின் சிவப்புப் பட்டியலில் முள்ளெலியை அழியும் ஆபத்துள்ள இனமாகச் சேர்த்ததற்கு இப்படிப் பல காரணங்கள். 2011-லிருந்து 'ஹெட்ஜ்ஹாக் ஸ்ட்ரீட்' என்ற பெயரில் ஓர் இயக்கம் நடக்கிறது, அவர்கள் கேட்பது ஒன்றுதான்: வேலியின் அடியில் அதே 13 சென்டிமீட்டருக்கு ஒரு ஓட்டை. ஆக்ஸ்ஃபோர்டுஷரில் கிர்ட்லிங்டன் என்ற கிராமத்தில் வீட்டுக்கு வீடு ஓட்டை போட்டு, மதில் இருக்கிற இடத்தில் முள்ளெலி ஏற இறங்கச் சின்னப் படிகூட வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஓட்டை போட இருபக்கத்து வீட்டாரும் சம்மதிக்க வேண்டும், வேலி யாருடையது என்றும் பார்க்க வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். தெருவில் பலரை எனக்குப் பேர் சொல்லித் தெரியும் என்றால் அது இப்படித்தான். பின்வீட்டுக்காரர் தானே ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்து அறுத்துக் கொடுத்தார். இன்னொரு வீட்டில் எலி வரும் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள், இன்றுவரை மறுப்புதான்.

ஒரு அக்டோபரில் மத்தியானம், நல்ல வெளிச்சத்தில், குட்டி ஒன்று புல்தரையில் தள்ளாடிக்கொண்டிருந்தது. பகலில் முள்ளெலி திறந்த இடத்தில் இப்படிக் கிடந்தால் அதற்கு உதவி வேண்டும் என்று அர்த்தம். தோட்டக் கையுறை போட்டுத் தூக்கி, உயரமான அட்டைப்பெட்டியில், துண்டு சுற்றிய வெந்நீர்ப் பையின் மேல் வைத்தோம். சமையலறைத் தராசில் 310 கிராம் காட்டியது. குளிர்காலத் தூக்கத்தைத் தாங்க குறைந்தது 450 கிராமாவது வேண்டும். முழித்திருக்கும்போது நிமிடத்துக்கு 190 தடவை அடிக்கிற இதயம் அந்தத் தூக்கத்தில் 20-க்கு இறங்கிவிடும், உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்புதான் மார்ச் வரை தாங்க வேண்டும். முள்ளெலிகளைப் பராமரிக்கும் ஒரு அம்மா, தன் வீட்டு கராஜிலேயே கூண்டுகள் வைத்திருப்பவர், வந்து எடுத்துப் போனார். பைசா வாங்கவில்லை. வசந்தத்தில் அதே பெட்டியோடு வந்து எங்கள் தோட்டத்திலேயே விட்டார். மகள் அன்றைக்குத் தூங்கவே இல்லை.

இலையுதிர் காலத்தில் இலையை வாரிக் குப்பையில் போடாதீர்கள், ஒரு மூலையில் குவித்து வையுங்கள், அதுதான் அதன் படுக்கை. நவம்பர் 5 ராத்திரி இங்கே தீமூட்டிக் கொண்டாடுவார்களே, அதற்கு விறகு அடுக்கினால் கொளுத்துவதற்கு முன்னால் அடியில் பாருங்கள். புல் வெட்டும் ரோபோவை ராத்திரியில் ஓட விடாதீர்கள். நத்தையைக் கொல்லப் போடும் மருந்து வேண்டவே வேண்டாம். மெட்டால்டிஹைடு கலந்ததை 2022-ல் தடை செய்துவிட்டார்கள், பழைய டப்பா ஷெட்டில் இருந்தால் கவுன்சில் குப்பை மையத்தில் கொடுத்துவிடுங்கள்.

எங்களுக்கு மூன்றாவது வீட்டில் இப்போது மதுரைக்காரர்கள் வந்திருக்கிறார்கள். வேலியை மாற்றப் போவதாகச் சொன்னார்கள். ஓட்டையோடே செய்த அடிப்பலகை கடையில் கிடைக்கிறது என்று சொல்லி, போட்டோவும் அனுப்பி வைத்தேன். விலை விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார் அந்த அண்ணன்.